பச்சையாக வந்த அத்தை

என் வாழ்நாளில் நான் உருப்படியாகப் பழுதுபார்த்த இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். மற்றவையெல்லாம் என் கை பட்ட பிறகு பழுதானவை. மிக்ஸியைக் கழற்றி மாட்டியபோது மூன்று திருகாணிகள் மிச்சமான நாளிலிருந்து என் மனைவி ஸ்குரூ டிரைவரை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிறாள். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட எனக்கு ஏழாம் வகுப்பு படிக்கும்போது வடக்கனந்தலில் எங்கள் தெரு முழுக்க ‘இன்ஜினியர்’ என்று பேர். காரணம், எங்கள் வீட்டு பிரிண்டர்.

கரும்பும் மரவள்ளியும் போடுகிற வீட்டில் பிரிண்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அப்பாவுக்குக் கோபம் வந்ததுதான் காரணம். எதற்கெடுத்தாலும் சிட்டா நகல் கொண்டா, ஆதார் நகல் கொண்டா என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று நின்று ஒருநாள் பொறுமை போய், மொபெட்டின் பின்னால் கயிறு கட்டி ஒரு கலர் பிரிண்டரையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டியின் மேல் அதற்கு இடம். தூசி படாமல் இருக்க அப்பாவின் பழைய துண்டு. விருந்தாளி வந்தால் துண்டை எடுத்துக் காட்டிவிட்டு மூடுவோம்.

உண்மையில் அதை ஓட்டியது அத்தைதான். அப்பாவின் கடைசித் தங்கை. காலேஜில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அவளுடையது. கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தாள். திங்கட்கிழமை விடிகிற நேரத்துக்குக் கச்சிராயபாளையம் போய் மலை பஸ்ஸைப் பிடித்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். வரும்போது பையில் சாமை அரிசி இருக்கும், சில சமயம் தேன் இருக்கும். போனில் பிள்ளைகளின் போட்டோ இருக்கும். பாதிப் பேர் வீட்டில் அந்தப் பிள்ளைகளின் படம் என்று ஒன்றுகூட இல்லையாம். வாரத்துக்கு ஆறு பேர் என்று கணக்கு வைத்து, சனிக்கிழமை எங்கள் வீட்டில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவாள். நான் பக்கத்தில் நின்று பேப்பர் வைப்பேன். பேப்பர் வைப்பவனைத்தான் தெரு இன்ஜினியர் என்று நம்பியது. மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனி மாதம் பிறந்ததும் கலர் இங்க் தீர்ந்தது. அத்தையும் நானும் கார்ட்ரிட்ஜை ஒரு டிபன் பாக்ஸில் வைத்துக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப்போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் கார்ட்ரிட்ஜின் மேலே இருந்த லேபிளை உரித்து, உள்ளே இருந்த மூன்று சின்ன ஓட்டைகளைக் காட்டினார். ஊசி போடுவதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு கலரை ஏற்றினார். நடுவில் இருந்தது ரோஸ்.

“நல்லா பாத்துக்கோ தம்பி. இந்த ஓட்டைய அடச்சிடக் கூடாது. மேல காத்து எறங்குனாத்தான் கீழ இங்க் எறங்கும். எந்த ஓட்ட அடைக்குதோ அந்தக் கலரு நின்னுப்பூடும்.”

தம்பி பார்க்கவில்லை. தம்பி வெளியே கரும்புச்சாறு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தைதான் டீச்சர் ஆயிற்றே, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். லேபிளைத் திரும்ப லேசாக ஒட்டி, மிச்ச இங்க் பாட்டில்களையும் ஊசியையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர்.

அடுத்த வாரமே சின்னசேலத்திலிருந்து ஒரு இடம் வந்தது. உரக்கடை வைத்திருக்கிற குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ பிடித்திருந்தால் உடனே வந்து பார்க்கிறோம், ஆடி பிறப்பதற்குள் தட்டு மாற்றிக்கொண்டால் ஆவணியில் கல்யாணம் என்று தரகர் சொல்லி அனுப்பினார். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சைக்கூட எடுக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அத்தை அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, ஆடி கழிச்சிப் பாத்துக்கலாம்ணா. ஒரே மாசம். பர்மனென்ட் லிஸ்ட்டு அதுக்குள்ள வந்துடும்னு சொல்றாங்க.”

“லிஸ்ட்டு வரட்டும். அதுக்கும் இதுக்கும் இன்னா?”

“கையில ஆர்டர் இருந்தா யாரும் வேலய வுடுன்னு சொல்ல மாட்டாங்க. இப்ப போனா, டெம்பரவரிதானே, வுட்டுடும்பாங்க.”

“நல்ல எடம்மா. ஒரு மாசம் யாரு காத்துகினு இருப்பா?”

அத்தை தட்டிலேயே கையைக் கழுவினாள். அப்பா கெட்டவர் இல்லை. தங்கைக்கு வயசு ஏறுகிறதே என்று ராத்திரியெல்லாம் புரண்டவர். அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாத்தனார் விஷயத்தில் வாயைத் திறந்தால் வம்பு என்பது அம்மாவின் அனுபவம். ஒரு முறுக்குக்காகக்கூட இரண்டு பேரும் மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வருவார், நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் போட்டோ அவர் கைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. போட்டோ ஏற்கெனவே என்னிடம் இருந்தது. தென்னை மரத்தடியில் அரக்கு நிறப் பட்டுப் புடவையில் அத்தையை நிற்கவைத்து நான்தான் போனில் எடுத்திருந்தேன். பதினெட்டு படம் எடுத்ததில் ஒன்றில் மட்டும்தான் என் விரல் இல்லை.

ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. முன்பு ஒருமுறை அத்தையின் காலேஜ் போட்டோவைக் கேட்காமல் பெரிசாக்கி, ஒரு மொட்டைத்தலைக் குழந்தைக்கும் ஒரு வட்டச் செயலாளருக்கும் நடுவில் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டார்கள். அப்பா போய் நின்று இறக்க வைத்தார். “எந்தங்கச்சி போட்டோ இனிமே எவன் கம்ப்யூட்டர்லயும் கெடக்கக் கூடாது” என்று அன்றைக்குச் சொன்னவர்தான். ஆகவே வீட்டுப் பிரிண்டர். ஆகவே நான்.

சனிக்கிழமை காலையில் நான் எழுந்தபோது அத்தை ஏற்கெனவே பிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய போட்டோவுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுடையதை முடித்துவிடுகிறேன் என்றாள். முதல் பிள்ளை நன்றாக வந்தது. மூன்றாவது பிள்ளைக்கு ரத்தசோகை. ஐந்தாவதுக்கு மஞ்சள் காமாலை. ஆறாவது பையன் முழுப் பச்சை. அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, தலையாட்டி, அடுத்ததற்குப் போனாள். பொறுப்பான டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவளுடைய போட்டோவைப் போட்டோம். அரக்குப் புடவை குளத்துப் பாசியாகி வந்தது. நெற்றிப் பொட்டு மஞ்சள். முகமும் கையும் பாகற்காய் நிறம். பக்கத்தில் தென்னை மரம் மட்டும் அழகாக இருந்தது.

அப்பா தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இன்னாடா இது? பொண்ணப் பாக்கச் சொன்னா வைத்தியருகிட்ட கூட்டிகினு போங்கன்னு சொல்லுவாங்களே!”

“ரோஸ் வரலப்பா. நான் பாத்துக்கறேன்.”

இப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். லேப்டாப்பில் ‘கிளீனிங்’ என்று ஒரு இடம் இருந்தது. அதை அமுக்கினேன். பிரிண்டர் வயிற்று வலிக்காரர்போல உறுமியது, சோதனைத் தாளில் நீலக் கோடும் மஞ்சள் கோடும் போட்டது, ரோஸ் கோட்டுக்கு வெள்ளையாக இடம் விட்டது. திரும்ப அமுக்கினேன். ஆறு முறை. ஆறு முறையும் மரியாதையாக இடம் விட்டது.

அடுத்து வெந்நீர் வைத்தியம். சாசரில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து, அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து, கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை அதில் ஒத்தி எடுத்தேன். அடைப்பிருந்தால் விட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் சொல்லியிருந்தான். துணியில் நீலமும் மஞ்சளும் தாராளமாக இறங்கின. ரோஸ் ஒரு கொசு கடித்த அளவுக்கு. கிழித்தது பழைய வேட்டி இல்லை என்பது மாலையில் அப்பா குளித்துவிட்டு வந்தபோது தெரிந்தது. அதை விடுங்கள்.

ஊசியால் இன்னும் கொஞ்சம் ரோஸ் ஏற்றிப் பார்க்கலாம் என்றால், கடைக்காரர் கொடுத்த கவரில் நீலமும் மஞ்சளும் ஊசியும் இருந்தன. ரோஸ் பாட்டிலை மட்டும் காணோம்.

“அத்த, ரோஸ் பாட்டில் எங்க?”

“எனக்கு இன்னாடா தெரியும், மருமவனே? வுடு, வராத கலர ஏன் இழுத்துகினு இருக்கற? வெளையாடப் போ.”

விளையாடப் போ என்று பெரியவர்கள் தாங்களாகச் சொல்வது எப்பேர்ப்பட்ட அதிசயம்! மற்ற நாளாக இருந்தால் பறந்திருப்பேன். அன்று எனக்குள் இருந்த இன்ஜினியர் விடவில்லை. அத்தை இந்தப் பக்கம் வந்து போகும்போதெல்லாம், “இன்னும் வரலயா?” என்று கேட்டாள். அவளுக்காகவாவது சரிசெய்துவிட வேண்டும் என்று திரும்பக் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தரகருக்கென்று சாமைப் பாயசம் வைக்கப் போனாள். அத்தை கொண்டுவந்த சாமைப் பைக்குள் கையை விட்டவள், “அய்ய, இது இன்னா?” என்று எடுத்தாள். ரோஸ் பாட்டில்.

“எலி இழுத்துகினு போயிருக்கும் அண்ணி” என்றாள் அத்தை.

எங்கள் வீட்டு எலிகளின் வல்லமையில் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு. மூடியைத் திருகிய பாட்டிலை, முடிச்சுப் போட்ட பைக்குள் வைக்கிற எலி என்றால் லேசா! அம்மா பாட்டிலையும் பார்த்தாள், அத்தையையும் பார்த்தாள், முடிச்சையும் பார்த்தாள். என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தரகர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பாயசத்தையும் முடித்துவிட்டார். அப்பா வாசலுக்கும் பிரிண்டருக்குமாக நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் சுற்றி நிற்க, ஆபரேஷன் செய்கிற டாக்டர்போல நான் ஊசியில் ரோஸை உறிஞ்சினேன். கார்ட்ரிட்ஜின் மேல் லேபிளை நகத்தால் கிளப்பினேன்.

மூன்று ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகளும் ஒரு பொட்டும் இருந்தன.

அரக்கு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு. நடு ஓட்டையின் மேல், அளவெடுத்ததுபோல, அமுக்கி ஒட்டியிருந்தது.

“இதோ பாருங்க!” என்று கத்தினேன். பொட்டு என் விரல் நுனியில் வந்துவிட்டது. பூமிக்குள்ளிருந்து சாமி சிலையை எடுத்தவன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான். கடைக்காரர் சொன்னது, நான் கேட்காமல் விட்டதெல்லாம், அப்போது ஒழுங்காக ஞாபகம் வந்தது. “காத்து போகலப்பா! ஓட்ட அடச்சிகினு இருக்குது! அதான் ரோஸ் எறங்கல!”

அப்பா பொட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்.

இங்கே எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆயுத பூஜை வந்தால் அம்மாவின் கைக்குத் தப்பியது ஒன்றும் கிடையாது. மோட்டார் ஸ்டார்ட்டர், மொபெட், கிரைண்டர், கதிர் அரிவாள், என் ஜாமென்ட்ரி பாக்ஸ், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. பிரிண்டருக்கு மூடியைத் திறந்தும் வைத்தாள், மூடியும் வைத்தாள். லேப்டாப் திரையின் நடுவில் வைத்துவிட்டு, அது சுத்தமாகப் போகாமல், அத்தை அதிலேயே ஒரு வருஷம் படித்தாள்.

“அடியே, உள்ளயும் வெச்சிட்டியா நீ? இங்க் டப்பாவுக்குமா பொட்டு!” அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தரகர் சிரித்தார். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் இன்னாத்துக்குங்க அதுக்குள்ள போயி…” என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவள் கண் என் விரலில் இருந்த பொட்டிலிருந்து மேலே போய், கதவோரம் நின்ற அத்தையின் நெற்றியில் நின்றது.

“ஆமா. நான்தான் வெச்சேன். மறந்துபுட்டேன்” என்றாள். “சிரிச்சி முடிச்சிட்டீங்கன்னா வேலயப் பாருங்க.”

நான் வேலையைப் பார்த்தேன். ஓட்டை திறந்துவிட்டது, அதுவே போதும். ஆனால் ஊசியில் எடுத்ததை வீணாக்குவானேன் என்று ரோஸையும் ஏற்றினேன். அது நிரம்பி, வழிந்து, என் இரண்டு கையிலும் சட்டையிலும் இரும்புப் பெட்டியிலும் பரவியது. ஒரு தடவை ‘கிளீனிங்’ அமுக்கினேன். சோதனைத் தாளில் மூன்று கோடும் வந்தன. அப்புறம் அத்தை வந்தாள், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் தென்னங்கீற்று, பிறகு தலைமுடி, நெற்றி, அதில் சிவப்பாகப் பொட்டு, மாநிறமாக முகம், அரக்குப் பட்டு. நாலு பத்துக்குத் தரகர் அதைக் கவரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அப்பா என் முதுகில் தட்டிய தட்டு ரெண்டு நாள் வலித்தது. சந்தோஷமான வலி.

அடுத்த புதன்கிழமை சின்னசேலத்துக்காரர்கள் வந்தார்கள். அத்தை லீவு போட்டு இறங்கி வந்திருந்தாள். என் கை அப்போதும் ரோஸ். மாப்பிள்ளையின் அம்மா, “இன்னா தம்பி, பொண்ணுக்கு முன்னாடி நீ மருதாணி வெச்சிகினியா?” என்று கேட்டுச் சிரித்தார். பிரிண்டரைச் சரிசெய்த வீரக்கதையை அப்பா எனக்குப் பதிலாகச் சொன்னார். ஆடி பிறக்க ரெண்டு நாள் இருக்கும்போது தட்டு மாற்றினார்கள்.

ஆடி மூன்றாம் வாரம் மலைப் பள்ளியிலிருந்து அத்தைக்கு ஆர்டர் வந்தது. நிரந்தரம். அப்பா அதை எடுத்துக்கொண்டு சின்னசேலம் போனார். அவர்களும் மோசமானவர்கள் இல்லை. மலைமேல் வாரம் அஞ்சு நாள் தங்குகிற வேலை கல்யாணமான பெண்ணுக்கு எப்படி ஒத்துவரும், இங்கே என்ன குறை வைக்கப்போகிறோம் என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். அப்பா திரும்பி வந்து ஆர்டரை அத்தையிடமே கொடுத்தார். அவள் அதை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு லேப்டாப் பைக்குள் வைத்தாள். நான் கல்யாணச் சாப்பாட்டு மெனுவில் மூழ்கியிருந்தேன்.

இப்போது அத்தை சின்னசேலத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறாள். சாயங்காலமானால் வாசல் முழுக்கப் பிள்ளைகளின் செருப்பு. டியூஷன். மாமா தங்கமான மனுஷர், என் ஜோக்குக்குக்கூடச் சிரிப்பார். நான் போனால் அத்தை, “வாடா மருமவனே, இன்ஜினியரு” என்பாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று இந்த ரெண்டு வருஷமாகத்தான் உற்றுக் கேட்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தேன். என் மனைவி ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் அதில் வரிசையாக இருந்தன. சின்னது, அரக்கு நிறம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுத பூஜை நடந்தது அதற்கு ஒன்பது மாதம் முன்னால். கார்ட்ரிட்ஜின் லேபிளைக் கடைக்காரர் உரித்து ஒட்டியது பத்துப் பதினைந்து நாள் முன்னால்தான். அதைவிட, அம்மாவுக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் நெற்றி அரித்துத் தடித்துவிடும். அவள் ஜன்மத்துக்கும் குங்குமம்தான், இயந்திரங்களுக்கும் குங்குமம்தான். அந்த வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு வைத்தது ஒரே ஒரு ஆள்.

பேஸ்ட் நுரையை விழுங்கிவிட்டேன். வாயைக்கூடக் கழுவாமல் அம்மாவுக்கு போன் போட்டேன்.

“ஏம்மா, அந்த பிரிண்டர்ல இருந்த பொட்டு நீ வெச்சதா?”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

“சாப்ட்டியா?” என்றாள் அம்மா.

இத்தனை வருஷமாக அப்பா உறவுக்காரர்கள் முன்னால் இந்தக் கதையைச் சொல்லி அம்மாவைக் கிண்டல் செய்கிறார். அம்மாவும் ஒவ்வொரு முறையும் கிண்டலை வாங்கிக்கொண்டு காபி கொடுக்கிறாள். அத்தை இருந்தால் அவளும் சிரிப்பாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் தாமதமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரகர் போன பிறகு நடந்தது ஒன்று மிச்சம் இருக்கிறது. பொட்டை நான் எறியவில்லை. வெற்றிச் சின்னமாகப் பிரிண்டர் மூடியின் மேல் வைத்திருந்தேன். அத்தை வந்து நின்றாள். “அதக் குடு” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ரோஸ் படிந்திருந்த அதை முந்தானையில் துடைத்து, தன் நெற்றியில் இருந்ததை எடுத்துவிட்டு, இதை வைத்து அமுக்கினாள். ஒட்டவில்லை. கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் திரும்ப வைத்தாள். திரும்ப விழுந்தது. மூன்றாம் தடவை அவள் குனிவதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா குங்குமச் சிமிழோடு வந்தாள். முறுக்குக்குச் சண்டை போட்டவள் அத்தையின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். அத்தை அப்படியே அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் என் ரோஸ் கைகளைச் சட்டையில் துடைத்தபடி கீழே கிடந்த பொட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் பசையே இல்லை. ஒரு பொட்டு ஒட்டாததற்கா இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு, “வேற வாங்கிக்கலாம் அத்த” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.